வாசகர் கேள்விகள்: ஏடும் அச்சுமாகக் கழிந்த ஓர் ஆண்டு

கார்த்திகை மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வழக்கமான இலக்கண ஐயங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த ஆண்டு என் வேலை எப்படிப் போயிற்று, என்ன படித்தேன் என்று விசாரித்திருந்தன. ஆவணி தொடங்கி மூன்று இதழ்களில் இந்தப் பகுதியை நான் ஒரே பக்கத்தில் முடித்துக்கொண்டது அதற்குக் காரணமாக இருக்கலாம். அதற்கு வருந்துகிறேன். இம்முறை முழு இடத்தையும் அந்தக் கடிதங்களுக்கே தரும்படி ஆசிரியரிடம் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

"வேலை மிகுதி" என்று மூன்று இதழ்களில் எழுதினீர்களே அம்மா, அப்படி என்ன வேலை என்பதை வாசகர்களுக்குச் சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியே. காவிரித் தென்கரைத் தலம் ஒன்றுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஒரு தலபுராணத்தைக் குறிப்புரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவரும் வேலை, சென்ற தை மாதம் என்னிடம் வந்தது. பாடல்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல். அவற்றின் முதல் அச்சு, பிற்காலத்து மறு அச்சு, இரண்டு ஓலைச்சுவடிகளின் நிழற்படங்கள் ஆகிய நான்கையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை எல்லாம் குறித்து, எது சரியான பாடம் என்று முடிவு செய்து, அரும்பதங்களுக்குப் பொருள் எழுத வேண்டும். நூலின் பெயரை அது வெளிவரும்போது சொல்கிறேன்.

இந்த வேலையின் தன்மையை விளக்க ஓர் இடத்தைக் காட்டினால் போதும். ஒரு பாடலில், தவம் செய்த ஒருவர் இறைவனிடம் "பொருள்" பெற்று ஊர் திரும்பினார் என்று முதல் அச்சில் இருந்தது. மறு அச்சிலும் அதுவே. படிக்கும்போது காது இடறியது. அறுசீர் விருத்தத்தில் மற்ற மூன்று அடிகளிலும் அந்த இடத்தில் விளச்சீர் (நிரையசையில் முடியும் ஈரசைச் சீர்) நிற்க, இந்த அடியில் மட்டும் ஓரசையாகிய "பொருள்" நின்றது. கருத்தும் பொருந்தவில்லை, பொன்னும் பொருளும் வேண்டாம் என்று துறந்து போனவர் பொருளோடு திரும்புவானேன்? சுவடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பு, பகரம், ஒரு கால், ரு, ள என்று எழுத்துகள் தெளிவாகவே இருந்தன.

பழைய ஏட்டெழுத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடம் இப்போதே விளங்கியிருக்கும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். நெடிலைக் காட்டும் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவில் வேறுபடுத்திக் காட்டினார் என்பது நாம் அறிந்ததே. ஆனால் ஏடு எழுதியவர்களில் பலர் அதற்குப் பின்னும் பழைய வழக்கத்திலேயே எழுதி வந்தார்கள். ஆகவே, நான் கால் என்று படித்ததை ரகரம் என்றும், ஒற்றைக் கொம்பு என்று படித்ததை இரட்டைக் கொம்பு என்றும் கொண்டால், அதே எழுத்து வரிசை "பேரருள்" என்று ஆகிறது. பேரருள் என்பது கூவிளம், அதாவது விளச்சீரில் ஒரு வகை. சீரும் சரியாக அமர்ந்தது, தவசியின் கதையும் நேரானது. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், படிக்கும் முறையை மட்டும் மாற்றியதில் கிடைத்த பாடம் இது. அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

நூல் முழுவதிலும் இப்படி அறுபதுக்கு மேற்பட்ட இடங்கள் வந்தன. சில இடங்களில் அரை மணி நேரத்தில் வழி தெரிந்தது. சில இடங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நான்கு இடங்களில் இன்னும் தெளிவில்லை; அங்கே சுவடியில் உள்ளதை உள்ளபடியே அச்சிட்டு, ஐயத்தை அடிக்குறிப்பில் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

என் அலுவலக நண்பர்கள் ஆண்டு முடிவில் ஐம்பது நூல், அறுபது நூல் படித்ததாகப் பட்டியல் இடுகிறார்கள். நான் நான்கைத் தாண்டவில்லை. நீங்கள் எத்தனை நூல் படித்தீர்கள்?
– மென்பொருள் பணியாளர், சென்னை

முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தவை பதினொன்று. அவற்றுள்ளும் ஒன்று, முன்பே இரண்டு முறை படித்த உ.வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்". எண்ணிக்கை கூடவில்லையே என்று எனக்கு இம்முறை சிறிதும் தோன்றவில்லை. ஏனெனில், ஒரு நூலைத் தேவையோடு படிப்பது எப்படி இருக்கும் என்பதை இந்த மூன்றாம் வாசிப்பில்தான் அறிந்தேன்.

முன்பு படித்தபோது அதை ஒரு வாழ்க்கைக் கதையாகப் படித்தேன். திருவாவடுதுறை மடமும், அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நோயும் மறைவும், வறுமையும், பயணங்களுமே மனத்தில் நின்றன. இம்முறை, சுவடியின் படம் மேசைமேல் இருக்க, சீவக சிந்தாமணிப் பதிப்பைப் பற்றிய அத்தியாயங்களை ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் கேட்டுக்கொள்வதைப் போலப் படித்தேன். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்த ஆண்டு அக்டோபர் மாதம், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்ல, முதலியார் அவற்றில் ஆர்வம் காட்டாமல், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். பிறகு சிந்தாமணியின் பிரதி ஒன்று இளைஞரின் கைக்கு வருகிறது. படித்துப் பார்த்தால் சொற்கள் பிடிபட்டாலும் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. அது சைன காவியம். அவரோ சைவ மடத்தில் பயின்றவர். உள்ளூரில் வாழ்ந்த சைனர்களைத் தேடிப் போய், அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடப் போய்ப் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் சென்றடைகிறார். பகலில் கல்லூரி வேலை. மற்ற நேரமெல்லாம் இது. நூல் வெளிவந்தது 1887இல்.

அந்த ஏழு ஆண்டுகளில் அவர் எத்தனை நூல் படித்தார் என்று எவரும் கேட்கப் போவதில்லை. தாங்கள் படித்த நான்கு நூல்களின் பெயர்களைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் இரண்டு எனக்கும் மிகவும் வேண்டியவை. அந்த நான்கில் ஒன்றையாவது, நண்பர்களின் பட்டியலைப் பொருட்படுத்தாமல், அடுத்த ஆண்டு மீண்டும் படியுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் தன்வரலாறு 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, 1942இல் ஐயர் மறைந்தபோது 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் தம் இளமைக் காலத்தின் கிழமையையும் திதியையும் பேசிய பேச்சையும் நினைவிலிருந்து எடுத்துத் தருகிறார் என்பது ஒவ்வொரு முறையும் என்னை வியக்க வைக்கிறது.

சி.வை. தாமோதரம் பிள்ளையைப் பற்றி நம் ஊரில் பேசுமளவுக்குத் தமிழ்நாட்டில் பேசுவதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. இந்த ஆண்டு அவரைப் படித்தீர்களா?
– ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்

தங்கள் மனக்குறை நியாயமானது. இந்த ஆண்டு அவருடைய பதிப்புரைகளைத் தொடர்ச்சியாகப் படித்தேன். அதற்கு முன் அங்கொன்றும் இங்கொன்றுமாக மேற்கோள்களில் பார்த்திருந்தேனே தவிர, முழுமையாகப் படித்தவள் அல்லள். 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகி, அரசுப் பணியும் வழக்கறிஞர் தொழிலும் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதி பதவியும் வகித்தவர், இவற்றுக்கிடையே 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அடுத்தடுத்துப் பதிப்பித்திருக்கிறார். சிந்தாமணி வந்த அதே ஆண்டில் கலித்தொகையும் வந்தது என்பதும், பதிப்பாசிரியர்கள் இருவரும் கும்பகோணத்தில் ஒருவரை ஒருவர் சந்தித்துப் பழகியவர்கள் என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்திகள்.

கட்டை அவிழ்க்கும்போதே ஓலை முறிவதையும், ஏட்டைப் புரட்டும்போது துண்டு துண்டாகச் சிதறுவதையும், புழு துளைத்த இடங்களில் எழுத்து காணாமற் போவதையும் அவர் எழுதியிருக்கும் பகுதியை நீங்கள் படித்திருப்பீர்கள். வேலையின் நடுவே அதைப் படித்தபோது, நான் பார்த்துக்கொண்டிருப்பது ஏட்டை அன்று, ஏட்டின் படத்தை என்ற உண்மை உறைத்தது. என் கை பட்டு எதுவும் முறியாது. அவர்களுக்கோ ஒவ்வொரு முறை திருப்புவதும் ஒரு பகுதியை இழப்பதாகவே இருந்திருக்கிறது. ஐயம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குச் சில இடங்களில் ஒரு முறைகூட இருந்திராது.

தங்கள் ஊருக்கு நான் நன்றி சொல்லவும் வேண்டும். இலங்கையில் அச்சான பழைய நூல்கள் பலவற்றை, 2005இல் தொடங்கிய "நூலகம்" என்னும் எண்ணிம நூலகத்தின் வழியே, வீட்டிலிருந்தபடியே பார்த்தேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பைக் கண்ட சமூகத்திலிருந்து தன்னார்வலர்கள் முன்வந்து, பக்கம் பக்கமாகப் படி எடுத்து, யாரும் எங்கிருந்தும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருப்பதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்குகிறது.

கணினியும், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தறியும் ஓ.சி.ஆர். மென்பொருளும் வந்துவிட்ட காலத்தில் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது வீண் உழைப்பு ஆகாதா?
– மெய்ப்புத் திருத்துநர், திருப்பூர்

நானும் அந்த மென்பொருளைப் பயன்படுத்தினேன். அதன் உதவி இல்லாமல் ஓராண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். முதல் அச்சின் பக்கங்களை வருடிக் கொடுத்தால் தட்டச்சு செய்யும் உழைப்பில் பெரும் பகுதி மிச்சமாகிறது. ஆனால் அது எங்கே இடறுகிறது என்பதைக் கவனித்தால் தொழிலில் உள்ளவர்களுக்குப் பல செய்திகள் கிடைக்கும்.

1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்த தனி வடிவங்களாகவும் அச்சிட்டார்கள். இந்த வடிவங்களைக் கண்டால் மென்பொருள் தடுமாறுகிறது. தமிழ் எண்களிலும் அப்படியே. ௧௮௮௭ என்று தலைப்புப் பக்கத்தில் இருந்ததை அது "கஅஅஎ" என்று எழுதித் தந்தது. எண்ணும் எழுத்தும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும்போது, அந்த இடத்தில் ஆண்டுதான் வரும் என்பது படிப்பவருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு பிழை. மை கொஞ்சம் படர்ந்த பக்கங்களில் அது மீண்டும் மீண்டும் காலை ரகரமாகவும் ரகரத்தைக் காலாகவும் படித்தது. முதல் பதிலில் சொன்ன "பொருள் – பேரருள்" குழப்பம் எதனால் வந்ததோ, அதே இரண்டு எழுத்துகள்! ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது நேர்ந்தது அச்சிலிருந்து கணினிக்குப் போகும்போதும் நேர்கிறது. அப்போது அதைத் திருத்த என்ன தேவைப்பட்டதோ, அதுவே இப்போதும் தேவைப்படுகிறது. யாப்பு தெரிந்த ஒருவர் பாட்டை வாய்விட்டுப் படித்து, காது இடறும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அதைத்தான் செய்கிறோம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற தோழி ஒருவர் திங்களும் வெள்ளியும் மாலையில் வீட்டுக்கு வருவார். அவர் கையில் பழைய அச்சின் படி, என் கையில் புதிய அச்சுப்படி. அவர் சீர் பிரித்து வாசிக்க, நான் பென்சிலோடு பின்தொடர்வேன். ஐயம் வரக்கூடிய இடங்களில் "மூன்று சுழி", "இரண்டு சுழி", "பெரிய ற" என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு மாலைக்கு இருபத்தைந்து பாட்டுக்கு மேல் போனால் கண்ணும் செவியும் களைத்துவிடும். அதற்கு மேல் தொடர்ந்த நாள்களில் எல்லாம் பிழை விட்டிருக்கிறோம் என்பது பின்னால் தெரிந்தது. இப்போது இருபத்தைந்தில் நிறுத்தி, காப்பி போட்டுக்கொள்கிறோம். இளைஞராகிய உங்களுக்கு இந்தத் தொழிலில் நான் தரக்கூடிய யோசனை இது ஒன்றுதான்: தனியாகத் திருத்தாதீர்கள். உடன் வாசிக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஆவணி இதழில் அந்த நூலின் முதல் அச்சு 1887 என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த பத்தியிலேயே "சர்வசித்து வருடம் மாசி மாதம்" என்றும் குறித்திருந்தீர்கள். இரண்டும் பொருந்துமா?
– வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

பொருந்தாது. தாங்கள் சுட்டியது முற்றிலும் சரி; பிழை என்னுடையது. சர்வசித்து ஆண்டு 1887 ஏப்ரலில் பிறந்து 1888 ஏப்ரலில் முடிந்தது. சித்திரை முதல் மார்கழி வரை உள்ள மாதங்களில், தேதியைக் கவனித்து, 1887 என்று கொள்ளலாம். மார்கழியின் நடுவிலேயே 1888 பிறந்துவிடுகிறது; தை முழுவதும் 1888இல்தான். ஆகவே மாசி மாதம் அச்சான நூல் 1888ஆம் ஆண்டுக்குரியது. மென்பொருளிடம் நான் எதிர்பார்த்த கவனத்தை இங்கே நான் காட்டவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நூலில் இரண்டு ஆங்கில ஆண்டுகள் வரும் காரணம் இப்போது விளங்கியது: தலைப்புப் பக்கம் முன்பே அச்சாகி அதில் ௧௮௮௭ என்று போட்டுவிட்டார்கள், மாசி என்பது இறுதிப் பக்கத்தில், அச்சு முடிந்த தேதியாக வருகிறது. முன்னுரையில் இரண்டையும் குறிப்பிட்டுத் திருத்திவிட்டேன்.

இதே கணக்கில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால், ஆங்கில ஆண்டு இல்லாத நூல்களில் சர்வசித்து என்பது 1827ஆ, 1887ஆ என்பதைத் தாளும், எழுத்துருவும், சாற்றுகவி (நூலைப் பாராட்டும் பாடல்) தந்த புலவர்களின் காலமும்தான் சொல்ல வேண்டும்.

காலையில் பள்ளிக்கு அனுப்புவது, மாலையில் மாமியாருக்கு மருந்து, நடுவில் தையல் வேலை என்று என் நாள் போய்விடுகிறது. உங்களுக்கும் வீட்டுப் பொறுப்பு உண்டல்லவா? படிக்க எப்போது நேரம் கிடைத்தது?
– இல்லத்தரசி, மதுரை

உண்டு, அம்மா. ஆடி மாதம் என் தாயாருக்கு இரண்டு கண்களிலும் அடுத்தடுத்துப் புரை அறுவை சிகிச்சை ஆயிற்று. அவருக்கு எண்பத்து மூன்று வயது. சொட்டு மருந்து நாளைக்கு ஆறு வேளை; குனியக் கூடாது; அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. படிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவரைப் படிக்காதே என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? வேலையை ஒத்திவைக்கவும் முடியவில்லை. ஆகவே மருந்து விட்டுவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அன்றைக்குக் குறிப்பு எழுத வேண்டிய பாடல்களை அவருக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். அவரை அமைதியாக இருக்கச் செய்வதற்காகத் தொடங்கியதே தவிர, வேறு எண்ணம் எனக்கு இல்லை.

தலபுராணங்கள் திருநாட்டுச் சிறப்பில் தொடங்கும் என்பது தெரிந்ததே. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மருத நிலத்தை வருணிக்கும் பாட்டில் "பிணையல்" என்ற சொல் வந்தது. மாலை என்று பொருள் எழுதியிருந்தேன். களத்தில் உழவர்கள் பிணையலைச் சுற்றி வரச் செய்தார்கள் என்ற தொடரை, அறுவடை விழாவில் மாலை சுற்றுவதாக ஒருவாறு விளக்கியும் வைத்திருந்தேன். அம்மா கண்ணை மூடியபடியே, "மாலையா? மாடுடீ" என்றார். கதிரை அடித்துத் தலையடி நெல்லை எடுத்த பிறகு, தாளில் ஒட்டியிருக்கும் மணி உதிர்வதற்காக அதைக் களத்தில் பரப்பி, மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். அப்படிப் பிணைத்த மாடுகளுக்குத்தான் பிணையல் என்று பெயர் என்று விளக்கினார். திருவையாற்றுப் பக்கத்தில் அவர் பிறந்த வீட்டில், நிலா வெளிச்சத்தில் பிணையல் ஓடும்போது, சாணம் தாளில் விழாமல் பிடிப்பதற்காக வைக்கோல் சுருணையோடு பின்னாலேயே நடக்கும் வேலை சிறுவர்களுடையதாம். அவரும் நடந்திருக்கிறாராம். இத்தனை ஆண்டுகளில் இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு பேரகராதியை எடுத்துப் பார்த்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த அகராதி, இந்த வேலையில் என் கைக்கு எட்டும் தூரத்திலேயே எப்போதும் இருப்பது. அதிலும் இந்தப் பொருள் இருக்கத்தான் செய்தது. எனக்குப் பழக்கமான பொருளைப் பார்த்ததும் நின்றுவிட்டிருக்கிறேன். அதன் பின் நாட்டுச் சிறப்பு முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீர் பாய்ச்சுதல், நாற்று முடிதல், போர் போடுதல் பற்றிய குறிப்புகளில் ஒன்பதை அவர் சொல்லி மாற்றியிருக்கிறேன். அவர் பெயர் நன்றியுரையில் வரும்.

உங்கள் நாளில் தனியாக ஒரு மணி நேரம் எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கிடைக்காது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு மருந்து கொடுக்கும் மாலை நேரத்தில் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவர் எதையாவது சொல்வார்.

ஆண்டில் எந்தெந்த நூலகங்களுக்குப் போனீர்கள்?
– நூலகர், கும்பகோணம்

அதிகம் போனது சென்னையில் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு. கோட்டையூரில் வாழ்ந்த முத்தையா என்ற தனி மனிதர், நூல், இதழ், துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீசு என்று வேறுபாடு பாராமல் வாழ்நாள் முழுவதும் சேர்த்ததுதான் அதன் அடித்தளம். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சேகரம் சிதறாமல் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் நூலகமாயிற்று. எங்கள் நூலின் மறு அச்சைப் பார்த்தது அங்கேதான். அதன் ஓரங்களில் முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் மெல்லிய பென்சிலால் சீர் பிரித்துக் கோடிட்டிருந்தார். "பொருள்" என்று வந்த அந்த இடத்தில் ஒரு சிறிய கேள்விக்குறி இருந்தது. பெயர் தெரியாத அந்த வாசகருக்கும் அங்கே காது இடறியிருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு உண்டான நெகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கு இரண்டு முறையும், தஞ்சைச் சரசுவதி மகாலுக்கு ஒரு முறையும் போனேன்.

எங்கள் பரணில் பாட்டனார் காலத்து ஏட்டுக்கட்டுகள் இரண்டு இருக்கின்றன. வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவி வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– விவசாயி, மயிலாடுதுறை

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். வெயிலில் ஓலை வளைந்து முறியும். எண்ணெய் தடவிப் பாதுகாப்பது உண்மைதான் என்றாலும், எந்த எண்ணெய், எவ்வளவு, தூசியை எப்படி அகற்றிய பிறகு என்பதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியவை. கட்டை அவிழ்க்காமல், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் அடுப்புப் புகையும் எட்டாத இடத்தில் வையுங்கள். தங்களுக்குப் பக்கத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. சென்னைக்கு வர முடிந்தால் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. கொடுத்துவிட மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தரும்படி கேளுங்கள். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட ஏடுகளைப் பற்றி நான் படித்திருப்பவை போதும். உங்கள் இரண்டு கட்டுகளில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வரும் ஆண்டில் என்ன வேலை, என்ன வாசிப்பு?
– கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

நூலில் இன்னும் நூற்று நாற்பது பாடல்கள் ஒப்புநோக்க வேண்டியிருக்கின்றன. தோழியின் மகளுக்குப் பிரசவம் ஆனதால் மார்கழி முழுவதும் அவர் ஊரில் இல்லை. தை இரண்டாம் வாரம் திரும்புகிறார். அதற்குள் பெயரடைவைத் தொடங்கிவிட வேண்டும். ஊர்ப்பெயர், மரப்பெயர், நீர்நிலைப்பெயர் மூன்றையும் தனித்தனியே தருவதா, ஒன்றாகத் தருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்றாகத் தந்தால் தேடுவது எளிது, பிரித்துத் தந்தால் அந்தத் தலத்தின் நிலத்தோற்றம் ஒரே பார்வையில் தெரியும். வாசிப்பைப் பொறுத்தவரை, அம்மாவுக்குப் புதிய கண்ணாடி வந்துவிட்டது, இனி அவரே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்றைக்கு எந்தப் பாட்டு?" என்று கேட்கிறார். நேற்று, தேவதாருவனப் படலத்தில் பன்னிரண்டாம் பாட்டில் நிறுத்தினோம்.